தானாக வரும் ‘அப்டேட்’: தடுக்கலாமா?

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதி. பெங்களூர், ஐதராபாத், டெல்லி உள்பட பல விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். கம்ப்யூட்டர்கள் கைவிட்டுவிட்டன. விமானத்தில் ஏறுவதற்கான சீட்டைச் சில ஊழியர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

உலகம் முழுவதும் அன்று முடங்கிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம். காரணம் திருடர்கள் அல்ல. காவல்காரனே காரணம்! ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் தானாகப் போய்ச் சேரும்படி அனுப்பிய ஒரு சிறு கோப்புதான் அது. 20 தகவல்கள் மட்டுமே வரும் இடத்தில் 21-வது தகவலைத் தேடியது மென்பொருள். கம்ப்யூட்டர் நிலைகுலைந்து, திரை நீலமாகியது.

இந்திய நேரப்படி காலை 9-39 மணிக்கு அந்தக் கோப்பு புறப்பட்டது. 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை தாமாக எழவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

தடுத்தால் என்ன ஆகும்?

“இந்த அப்டேட்டே வேண்டாம்” என்று நிறுத்திவிடத் தோன்றும். அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது.

2017-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோசில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. பல அலுவலகங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 59 நாள் கழித்து, மே 12-ந்தேதி, ‘வானாகிரை’ என்ற கிருமி அதே ஓட்டை வழியாக நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாகின.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவதும் ஆபத்து. ஏற்றாமலே விடுவதும் ஆபத்து.

நடுவழி

மைக்ரோசாப்ட் மாதந்தோறும் 2-வது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி காலையில் அப்டேட் வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவு. எனவே புதன்கிழமை காலையில் அலுவலகத்தில் இரண்டு, மூன்று கம்ப்யூட்டர்களில் மட்டும் முதலில் ஏற்ற வேண்டும். பில் போடுவது, அச்சிடுவது, வங்கி வேலை எல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில நாள் பொறுத்து மற்றவற்றில் ஏற்றலாம். சில நாள்தான், 59 நாள் அல்ல!

இன்னொன்று: பாதுகாப்பு மென்பொருளுக்குத் தனி வழி உண்டு. கிரவுட்ஸ்டிரைக் விவகாரத்தில், புதிய பதிப்பைத் தள்ளிப்போட்டு வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்தக் கோப்பு அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்படாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. “எங்களுக்கும் படிப்படியாகத்தான் அனுப்புவீர்களா?” என்று விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏறாவிட்டால்?

பத்து கம்ப்யூட்டரில் எட்டில் ஏறி, இரண்டில் மட்டும் ஏறவில்லையா? முதலில் பார்க்க வேண்டியவை:

* ‘சி’ டிரைவில் காலி இடம் இருக்கிறதா?
* தேதியும் மணியும் சரியா? உள்ளே இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். அப்டேட் தரும் சர்வருடன் பாதுகாப்பான தொடர்பு கிடைக்காது.
* இரவில் ஏற்றும்படி வைத்துவிட்டு, மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்களா?
* ஒரு கம்ப்யூட்டரை அப்படியே நகல் எடுத்து மற்றவற்றில் போட்டார்களா? அடையாள எண்ணும் நகலாகியிருந்தால் அலுவலகத்தின் அப்டேட் சர்வர் குழம்பிப்போகும். பட்டியலில் ஒன்று தெரியும்போது மற்றொன்று மறையும்.

இவை சரியாக இருந்தும் ஏறாவிட்டால், திரையில் வரும் பிழை எண்ணை எழுதி வைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்டேட் ஏறும்போது மின்சாரம் போனால் கம்ப்யூட்டரே எழாமல் போகலாம். யு.பி.எஸ். அவசியம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பீரோவில் வைக்க வேண்டும். ஜூலை 19-ந்தேதி அந்த எண் கைவசம் இல்லாதவர்களுக்கு மீட்பு வேலை இன்னும் நீண்டது. நின்றுபோன கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்த எண் இருந்தால் யாருக்கு என்ன பயன்?