32 மில்லிமீட்டருக்குள் அழகும் வேகமும்

ஃபோர்டு ஜிடி40 என்ற பந்தயக் காரின் பெயரில் உள்ள 40 அதன் உயரத்தைக் குறிக்கிறது. தரையிலிருந்து கூரைவரை ஏறத்தாழ 40 அங்குலம். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரின் இடுப்பளவுதான். 1966ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கார் இது. 2019இல் வெளிவந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் காரை 32இல் ஒரு பங்காகச் சுருக்கினால் உயரம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் மின்மோட்டார், பல்சக்கரங்கள், அச்சுகள், காந்தம், ஓட்டுநர் பொம்மை எல்லாம் அடங்க வேண்டும். பார்வைக்கு அசல் காரைப்போல இருக்கவும் வேண்டும், வளைவுகளில் கழன்று பறக்காமல் ஓடவும் வேண்டும். ஸ்லாட் கார் வாங்க நினைக்கும் ஒருவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில், ஸ்லாட் கார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தமியாவின் சின்ன பேட்டரிக் கார்கள் பலருக்கும் பழக்கமானவை. விசையைத் தட்டித் தடத்தில் விட்டுவிட்டால் போதும், பக்கச் சுவர்களை உரசியபடி அவை தாமாகவே ஓடும். ஸ்லாட் கார் அப்படியல்ல. தடத்தின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். காரின் மூக்குக்கு அடியில் உள்ள சிறிய தகடு அந்தப் பள்ளத்தில் இறங்கி வழிகாட்டும். பள்ளத்தின் இரு புறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து பின்னல் கம்பிகள் வழியாக 12 முதல் 15 வோல்ட் மின்சாரம் மோட்டாருக்குப் போகும். வேகம் முழுவதும் உங்கள் விரலில் இருக்கிறது. கைக்கருவியின் விசையை அழுத்தினால் கார் பாயும். விட்டால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, மோட்டாரே மின்னாக்கியாக மாறி, சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். பௌதிகப் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இங்கே பிரேக் வேலை பார்க்கிறது.

பிரிட்டனில் ஃபிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957இல் அறிமுகப்படுத்திய ஸ்கேலக்ஸ்ட்ரிக் இந்த விளையாட்டை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஜெர்மனியின் கரேரா, இத்தாலியின் ஸ்லாட்.இட் போன்ற பெயர்கள் பின்னர் சேர்ந்தன.

தோற்றத்தை மதிப்பிட, அசல் காரின் புகைப்படங்கள் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் முதலில் வண்ணத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கார் நிற்கும் தோரணை. சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? அசல் ஜிடி40 தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். மாதிரியில் அந்த இடைவெளி 1 மில்லிமீட்டர் கூடினாலும், அசல் அளவில் 3 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தியதற்குச் சமம். எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் பூசினாலும் அந்தக் குறை மறையாது.

அடுத்து அச்சு வேலை. வெளிர்நீலத்தில் செம்மஞ்சள் பட்டை கொண்ட கல்ஃப் நிறுவன வண்ணத்தில் ஜிடி40 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மானை வென்றது. அந்த வண்ண மாதிரி கையில் கிடைத்தால், கதவும் உடலும் சேரும் கோட்டில் பட்டை உடைகிறதா, நீலம் செம்மஞ்சளுக்கு அடியில் தெரிகிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். பழைய பந்தயக் கார்கள் சிலவற்றின் மாதிரிகளில் சிகரெட் விளம்பரங்கள் விடுபட்டிருக்கும். பிள்ளைகள் கையாளும் பொருள் என்பதால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே விடுவது அது. அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தால்தான் அழகும் ஓட்டமும் மோதிக்கொள்வது புரியும். இவ்வகைக் கார்களில் பரவலாகப் பயன்படும் மோட்டார் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. காரின் உயரத்தில் ஏறக்குறைய பாதியை அது விழுங்கிவிடுகிறது. அதனால்தான் பல மாதிரிகளில் ஓட்டுநருக்குக் கால்களே இருக்காது. தலையும் தோளும் கையும் மட்டும் ஒரு தட்டில் ஒட்டப்பட்டிருக்கும். முழு இருக்கை, முழு உருவம், கனமான கண்ணாடி என்று அழகைக் கூட்டினால், கூட்டிய எடையெல்லாம் காரின் மேற்பகுதியில் ஏறும். ஈர்ப்பு மையம் உயரும். வளைவில் கார் சாயும். பந்தயத்துக்கென்றே விற்கப்படும் மாதிரிகளில் உட்புறத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

உருவம் சுருங்குவதுபோல எடை சுருங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். நீளம் 32இல் ஒரு பங்கானால் கன அளவு 32,768இல் ஒரு பங்காகும். ஒரு டன் எடையுள்ள காரின் ‘சரியான’ மாதிரி 30 கிராம்தான் இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் மாதிரிகள் பொதுவாக அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளவை. வேகக் கணக்கிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. வினாடிக்கு 4 மீட்டர் ஓடும் பொம்மைக் காரின் வேகத்தை 32ஆல் பெருக்கி, ‘மணிக்கு 460 கிலோமீட்டர்’ என்று சொல்லிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். அசல் காரோடு ஒப்பிட அது எதற்கும் உதவாது.

இனி ஓட்டம். தடத்தில் வைக்கும் முன் காரை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வையுங்கள். நான்கு சக்கரங்களும் படிகின்றனவா? ஒரு மூலை ஆடினால் அடிச்சட்டம் முறுக்கியிருக்கிறது என்று பொருள். பின் டயர்களைச் சுழற்றிப் பாருங்கள். வார்ப்பின் தையல் கோடு டயரில் இருந்தால் கார் நேர்ச்சாலையிலும் துள்ளும். மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து இதைச் சரிசெய்யலாம் என்பதால் பெரிய குறையாகக் கொள்ள வேண்டாம். முறுக்கிய அடிச்சட்டத்தைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல.

மதிப்பீட்டைப் பெரும்பாலும் ஏமாற்றுவது காந்தம்தான். பல கார்களின் அடியில் ஒரு வலுவான காந்தம் இருக்கும். தடத்தின் எஃகுப் பட்டைகளை அது இழுத்துப் பிடிப்பதால் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு வளைவைக் கடக்கும். வளைந்த அச்சு, துள்ளும் டயர், உயர்ந்த ஈர்ப்பு மையம் எல்லாவற்றையும் அந்த இழுவிசை மறைத்துவிடும். காந்தவிசை தூரத்தோடு மிக விரைவாகக் குறையும். ஆகவே கார் சற்றே விலகினாலும் பிடி சட்டென்று அறுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் பறக்கும். காந்தத்தைக் கழற்றிவிட்டால் வேகம் குறையும், ஆனால் வால் மெதுவாக வெளியே சறுக்குவது கண்ணுக்குத் தெரியும். விரலைத் தளர்த்த நேரம் கிடைக்கும். செம்புப் பட்டை ஒட்டிய மரத் தடங்களில் காந்தத்துக்கு வேலையே இல்லை. எனவே ஒரு காரை இரண்டு முறை சோதியுங்கள்: காந்தத்தோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. இரண்டாவது சோதனையில்தான் அந்தக் கார் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

சோதனை நியாயமாக இருக்க, அறிவியல் கூடத்தில் செய்வதுபோல மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். அதே தடம், அதே கைக்கருவி, அதே மின்னழுத்தம். உட்தடத்தில் பத்துச் சுற்று, வெளித்தடத்தில் பத்துச் சுற்று. ஒவ்வொரு காருக்கும் முன்பு டயர்களை ஒட்டுநாடாவில் உருட்டித் தூசியை எடுங்கள். நம் வட்டார ஈரப்பதத்தில் எஃகுப் பட்டைகள் எளிதில் துருப்பிடிக்கும், அவற்றையும் துடைத்துவிடுங்கள்.

பிறகு, மிக வேகமான ஒரு சுற்றை மட்டும் குறித்துக்கொண்டு பெருமைப்படாதீர்கள். ஓர் உதாரணக் கணக்கு: முதல் கார் வழக்கமாக 6.0 வினாடியில் சுற்றுகிறது, ஆனால் 20 சுற்றுகளில் மூன்று முறை கழன்று விழுகிறது. எடுத்து வைக்க ஒவ்வொரு முறையும் 6 வினாடி. மொத்தம் 138 வினாடி. இரண்டாவது கார் 6.5 வினாடியில் சுற்றுகிறது, ஒருமுறைகூட விழவில்லை. மொத்தம் 130 வினாடி. பந்தயத்தில் வெல்வது இரண்டாவது கார். சராசரியோடு திட்ட விலக்கத்தையும் கணக்கிடத் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள். எந்தக் கார் ஒரே சீராக ஓடுகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

இத்தனை சோதனைக்குப் பிறகும், தடத்துக்குத் தடம் முடிவு மாறலாம். 1964இல் மான்டி கார்லோ ராலியை வென்ற மினி கூப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:32 அளவில் அதன் அகலம் 44 மில்லிமீட்டர், உயரம் 42 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு பெட்டி. ஜிடி40 மாதிரியோ 55 மில்லிமீட்டர் அகலமும் 32 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அகன்ற வளைவுகளில் காந்தம் இல்லாமல் ஓடினால் மினி எளிதாகக் கவிழும். தவிர, அசல் மினியை இழுப்பது முன் சக்கரங்கள். மாதிரிகளிலோ பெரும்பாலும் பின் சக்கரங்கள்தான் ஓட்டுகின்றன. தோற்றத்தை நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் இதற்கும் ஒரு மதிப்பெண்ணைக் கழிக்கலாம். ஆனால் சாப்பாட்டு மேசை அளவுள்ள தடத்தில், நீண்ட நேர்ச்சாலை ஏதும் இல்லாத நெருக்கமான வளைவுகளில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். 95 மில்லிமீட்டர் நீளமே உள்ள மினி சட்டென்று திரும்பி வெளியேறும்போது, ஜிடி40 தன் நீண்ட வாலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்.