சாகப்போற முட்டையைக் காப்பாத்துற ஊசி

போன வருஷம் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. வயசு 31. கீமோவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "எனக்குக் குழந்தை பிறக்குமா?"னு அவளேதான் டாக்டர்கிட்ட கேட்டா. அதுவரைக்கும் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. அன்னிக்கு ராத்திரி நான் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

தாய் வயிற்றில் 20 வாரப் பெண் சிசுவுக்கு 60, 70 லட்சம் முட்டை செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுக்க வெளியே வரப்போறது சுமார் 400 தான். மத்ததெல்லாம் உள்ளேயே செத்துடும். பெரும்பாலும் அது விபத்து இல்லை, செல்லுக்குள்ளேயே எழுதி வெச்சிருக்கிற சாவு. 1972ல் கெர், வில்லி, கர்ரினு மூணு பேர் இதுக்கு அப்போப்டோசிஸ்னு பேர் வெச்சாங்க. கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணையறது வேற, ஷட்டவுன் கொடுத்து அணைக்கிறது வேற இல்லையா? இது ரெண்டாவது வகை. செல் தன் டிஎன்ஏவைத் துண்டு போட்டு, சின்னச் சின்னப் பொட்டலமா உடையும். பக்கத்து செல்கள் அதை விழுங்கிடும்.

முட்டைக்குள்ள பி63னு ஒரு புரோட்டீன் காவலுக்கு இருக்கு. டிஎன்ஏ மோசமா உடைஞ்சா முட்டையையே முடிச்சு விட்டுடும். பிழை அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடாதுல்ல. சிக்கல் என்னன்னா, சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துகளோட வேலையே டிஎன்ஏவைச் சிதைக்கிறதுதான். புற்று செல்லும் சாகும், முட்டையும் சாகும். சில பேருக்கு மாதவிடாயே சீக்கிரம் நின்னுடும். இந்தக் காவல் சங்கிலியில சிஎச்கே2னு ஒரு என்சைம் இருக்கு. அது இல்லாத எலிகள், கதிர்வீச்சுக்கு அப்புறமும் குட்டி போட்டதா 2014ல் ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா அது எலி.

இப்போதைக்குக் கையில இருக்கிற வழி, முதல் டோஸுக்கு முன்னாடியே முட்டையை எடுத்து உறைய வைக்கிறது. ரெண்டு வாரம் போல ஆகும். அதனால கேட்க வேண்டியதை கீமோவுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அம்மாவுக்கு வேற பயம். "ஊசி போட்டு மொத்தமா எடுத்துட்டா கையிருப்பு தீர்ந்துடாதா?" நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஒவ்வொரு மாசமும் ஒரு கூட்டம் முட்டைகள் போட்டி போட்டு வளரும். ஹார்மோன் குறையக் குறைய, வழக்கமா ஒண்ணுதான் தப்பிக்கும், மத்ததெல்லாம் சாகும். ஊசியில இருக்கிறது அதே ஹார்மோன்தான். அந்த மாசம் எப்படியும் சாகப்போறதைத்தான் அது காப்பாத்துது, அடுத்த மாசக் கணக்குல கை வைக்கல.

டாக்டர் சரின்னு சொன்னதும் கீமோவை 10 நாள் தள்ளி வெச்சாங்க. அக்காவுக்குக் கிடைச்சது 9 முட்டை.