கேட்டவுடன் கிடைக்கும் விடை

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. பொழுது சாயும் நேரத்தில் களைத்துத் திரும்பும் தாயிடம் பதினோராம் வகுப்பு வேதியியலில் ஐயம் கேட்க இயலுமா? பல வீடுகளில் பேச்சுமொழி உருது. பள்ளியில் பயில்வது தமிழ்வழி. இணையத்தில் கிடைக்கும் விளக்கமோ பெரும்பாலும் ஆங்கிலம். தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த வழியில்லாத மாணவர், திறன்பேசியை எடுத்து, ஊதியம் பெறாமல் விடை கூறும் முகமறியாத் தன்னார்வலர் ஒருவரிடம் வினவுகிறார். சில நிமிடங்களில் விடை வந்துவிடுகிறது. அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு எழும் வினா.

தன்னார்வலர் கற்பித்தல் என்றாலே தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிட இயலாது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலைநேரங்களில் வீட்டருகே கற்பித்தனர். குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை மட்டும். பொருளியல் அறிஞர்கள் மூவர் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆய்வு செய்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மீண்டிருந்தது. அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்று அவர்கள் கணித்தனர்.

ஆனால், தெருத்திண்ணையில் கற்பித்த தன்னார்வலர் குழந்தையின் முகத்தைக் கண்டார். புரியவில்லை என்பதை விழியிலேயே அறிந்து மீண்டும் விளக்கினார். இணையத்தில் விடையளிப்பவர் காண்பது வினாவை மட்டுமே. வினவியவர் எந்த வகுப்பினர், எந்தப் பாடநூலைப் பயில்பவர், எங்கே இடறினார் என்பவை அவருக்குத் தெரியா. அவரது கல்வித் தகுதியும் வினவியவருக்குத் தெரியாது. மேல்நிலை வகுப்பினருக்குத் தெருத்திண்ணை வாய்ப்பும் இல்லாமையால், இந்த இடைவெளி அவர்களையே மிகுதியும் பாதிக்கிறது.

ஆம்பூர் மாணவி ஒருவர், “தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் நஞ்சா?” என்று வினவுவதாகக் கொள்வோம். “ஆம், குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும்” என ஒரே வரியில் விடை வருகிறது. கூறியவர் பொய்யுரைக்கவில்லை, ஆயினும் விடை பிழையானது. தோல் பதனிடப் பயன்படுவது கார குரோமியம் சல்பேட்டு. அதில் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +3. புற்றுநோயை விளைவிப்பது +6 நிலையிலுள்ள குரோமியம். பொட்டாசியம் டைகுரோமேட்டில் இருப்பது அதுவே. இவ்விரண்டையும் பிரித்துக் கூறாத விடை, தந்தை நாள்தோறும் தொட்டுப் பணிபுரியும் பொருளைப் பற்றி மகளுக்குத் தவறான அச்சத்தையோ, வேறொருவர் வாயிலாக வந்தால் தவறான துணிவையோ தந்துவிடும்.

அம்மாணவியால் இதனைச் சரிபார்க்கவும் இயலும். டைகுரோமேட்டுப் படிகம் செம்மஞ்சள் நிறமுடையது என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் காணலாம். குரோம் பதனிட்ட தோலோ வெளிர்நீலமாக இருக்கும். தொழிலாளர் அதனை ‘வெட் புளூ’ என்றே அழைப்பர். இரு நிறங்களும் ஒன்றல்லவே என்ற ஐயம் எழுந்துவிட்டால், பாடநூலின் ஆக்சிஜனேற்ற எண் பகுதியைப் புரட்டுவதற்கு அதுவே போதிய காரணம். ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல் ஏன் நீலமாவதில்லை என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டாலும் பயனுண்டு. வேதியியல் பெயர்களை அறியாத அப்பெரியவர், தொழிலை அறிந்தவர்.

விடையளிப்பவர் தம் வழிமுறையைக் காட்டியிருக்கிறாரா என்பதும் நோக்கத்தக்கது. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். அம்முயற்சியே பின்னர் ‘கான் அகாதமி’ என்னும் கட்டணமில்லாக் கல்வித்தளமாக வளர்ந்தது. 2012இல் பேராசிரியர் இருவர், மிகை எண், குறை எண் பெருக்கல் பற்றிய அதன் காணொளி ஒன்றிலிருந்த குறைகளைச் சுட்டி வெளிப்படையாகத் திறனாய்வு செய்தனர். அக்காணொளி நீக்கப்பட்டுப் புதியது இடம்பெற்றது. படிப்படியாக விளக்கப்பட்டிருந்தமையால்தான் பிழை எந்தப் படியில் உள்ளது எனக் காட்ட முடிந்தது. வெறும் விடையை மட்டும் வழங்குபவரிடம் இவ்வாறு சுட்டிக்காட்ட எதுவும் இருப்பதில்லை. அத்தகைய விடையைப் பார்த்தெழுதும் மாணவர் வீட்டுப்பாடத்தில் மதிப்பெண் பெறலாம். தேர்வுக்கூடத்தில் அந்த முகமறியா நண்பர் உடனிருக்கமாட்டார்.

குரோமியம் பற்றிய வினாவோ இன்னும் முற்றுப்பெறவில்லை. +3 நிலைக் குரோமியம், வெப்பம் முதலிய சில சூழல்களில், பதனிட்ட தோலிலேயே சிறிதளவு +6 நிலைக்கு மாறக்கூடும். ஆகவே, “தோலிலுள்ள குரோமியத்தால் தீங்கே இல்லை” என்ற விடையும் முழுமையானதன்று. தோலைத் தொடும் தோல்பொருள்களில் +6 குரோமியம் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்னும் அளவை எட்டலாகாது என 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. ஆம்பூரில் தைக்கப்பட்டு அங்குச் செல்லும் காலணிகளும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே.