எந்தக் கப்ளிங்கை வெட்டுவது?

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கப்ளிங்கை யாரும் கவனிப்பதில்லை. பிளஸ் ஒன் மாணவர்களை மிரட்டும் 'இணைக்கப்பட்ட பொருள்களின் இயக்கம்' முழுக்க அந்த இரும்பில்தான் இருக்கிறது.

கணக்குக்காக, பெட்டி ஒன்று 50 டன், மொத்தம் 20 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். உராய்வை ஒதுக்கிவிடுவோம். ரயிலின் வேகம் விநாடிக்கு விநாடி 0.1 மீட்டர் கூடுகிறது. எஞ்சினை ஒட்டிய கப்ளிங் 20 பெட்டிகளையும் இழுத்தாக வேண்டும்: 10 லட்சம் கிலோவை 0.1 ஆல் பெருக்கினால் 1 லட்சம் நியூட்டன். கடைசி கப்ளிங்குக்குப் பின்னால் ஒரே பெட்டி. அதற்கு 5,000 நியூட்டன் போதும். முடுக்கம் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றே, இழுவிசையில் மட்டும் 20 மடங்கு வித்தியாசம்.

மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரயில் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்தால் கப்ளிங் விசைகள் ஜோடி ஜோடியாக அடிபட்டுப் போகும். முடுக்கம் கிடைக்கும், இழுவிசை கண்ணில் படாது. இழுவிசை வேண்டுமானால், அந்தக் கப்ளிங்கை மனதுக்குள் வெட்டிவிட்டு, பின்னால் இருப்பதை மட்டும் தனியே வரைய வேண்டும். பாடநூலில் தனித்த பொருள் விசைப்படம் என்று வருவது இதுதான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்தவர்கள் வெட்டும் இடத்தை யோசிப்பதே இல்லை.

ஊருக்குள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வாருங்கள். கோமதியம்மன் தேர் வடத்தில் கணக்கு வேறு மாதிரி. ரயிலை இழுப்பது முன்னால் நிற்கும் ஒரே எஞ்சின். தேரை இழுப்பவர்களோ வடம் நெடுக நிற்கிறார்கள். முன்நுனியில் இருப்பவரின் இழுப்பு மட்டுமே அந்த இடத்து வடத்தில் இருக்கும். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவர் இழுப்பும் கூடிக்கொண்டே வரும். ஆளுக்கு 200 நியூட்டன் வீதம் 200 பேர் இழுத்தால், தேரை ஒட்டிய வடத்தில் 40,000 நியூட்டன். வடத்தில் சும்மா கைவைத்து நடக்கும் என்னைப் போன்ற பக்தர்கள் இந்தக் கூட்டலில் சேர்த்தி இல்லை. வடம் கனமாக இருக்க வேண்டிய இடம் தேரை ஒட்டிய பகுதி. ரயிலில் பலமாக இருக்க வேண்டியது எஞ்சினை ஒட்டிய கப்ளிங்.

வடம் மட்டும் போதாதபோது நெல்லைச் சீமைத் தேர்களில் சக்கரத்துக்குப் பின்னால் தடி போட்டு நெம்புவார்கள். நின்ற தேரைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். பின்னாலிருந்து கிடைக்கும் தள்ளு, வடத்தின் சுமையில் கழிந்துவிடும்.

ரயில்வேயும் இதைச் செய்கிறது. சங்கரன்கோவில் வழியாகப் போகும் சென்னை–கொல்லம் எக்ஸ்பிரஸ், செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் புனலூர் போக வேண்டும். 1904இல் மீட்டர் கேஜில் திறந்து, 2018இல் அகலப்பாதையாக மாறி முடிந்த பாதை அது. அங்கே பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்டுவது வழக்கம்; ரயில்வேக்காரர்கள் அதை பேங்கர் என்பார்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி எஞ்சின்கள், ஒரே அளவு விசை என்று வைத்தால், நம் 20 பெட்டி ரயிலில் முதல் கப்ளிங்கின் சுமை பாதியாகக் குறையும். 10ஆவது பெட்டிக்கும் 11ஆவது பெட்டிக்கும் நடுவே உள்ள கப்ளிங்கில் இழுப்பும் இல்லை, நெருக்கலும் இல்லை, விசை பூஜ்ஜியம். முன்பாதிப் பெட்டிகள் இழுபட்டு ஏறும், பின்பாதி தள்ளுப்பட்டு ஏறும். கொல்லத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால், உங்கள் பெட்டி எஞ்சினிலிருந்து எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.