புது வண்டியில குறையா? வாயால சொன்னது கணக்குல வராது!



முன்பெல்லாம் நம்ம குழுக்களில் கடன் என்றால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை. இப்போது ஏழு பேர் உட்காரும் வேன் வாங்கவும் மனு வருது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம், வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிப் போகலாம், கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வாடகை கிடைக்கும். நல்ல தொழில்தான். ஆனா ஒன்று யோசித்துப் பாருங்க. மாடு வாங்கினால் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம், ஒரு வேளை கறந்து பார்த்துத்தான் காசு எண்ணிக் கொடுக்கிறோம். ஆறு ஏழு லட்சம் போட்டு எடுக்கிற வண்டிக்கு மட்டும் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கி, போட்டோ எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடறோம். புதுசுதானே, அதுல என்ன குறை இருக்கும் என்ற நம்பிக்கை.

நம்ம கூட்டமைப்பு உறுப்பினர் ஒருத்தருக்கு அந்த நம்பிக்கை இரண்டாவது மாதமே போச்சு. வண்டி அவங்க பேரில், ஓட்டுவது அவங்க வீட்டுக்காரர். ஜமுனாமரத்தூரில் ஒரு விசேஷத்துக்கு ஆள் இறக்கிட்டு, போளூர் வழியாகத் திரும்பி வரும்போது மலை இறக்கத்தில் இன்ஜின் தானாக நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தால் கல் மாதிரி இருக்கு, ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேன் என்கிறது. எப்படியோ ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டார். உள்ளே இரண்டு குழந்தைகள் உட்பட ஆறு பேர். யாருக்கும் அடி இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஓடுது!

பிரேக் ஏன் கல்லாச்சு? கார், வேன்களில் நம்ம கால் பலத்தோடு பூஸ்டர் என்கிற ஒரு பாகமும் சேர்ந்துதான் பிரேக்கை அழுத்துது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில்தான் அந்த பூஸ்டர் வேலை செய்யும். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் விசை ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதனால் அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மூச்சாக அழுத்திப் பிடிக்கணும், வண்டியை கியரிலேயே வைக்கணும், கைபிரேக்கை மெதுவாக இழுக்கணும். முக்கியமாக, ஓடும்போது சாவியைப் பிடுங்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை இன்றைக்கே படித்துக் காட்டுங்க.

இனி கதைக்கு வருவோம். அவங்க வண்டி வாங்கிய ஷோரூமுக்கு மூன்று தடவை போனாங்க. முதல் தடவை, "கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தோம், எதுவும் காட்டல" என்றார்கள். இரண்டாவது தடவை, "பெட்ரோல் சரியில்ல, பங்க்கை மாத்துங்க" என்றார்கள். மூன்றாவது தடவை, "ஓட்டுற முறை சரியில்லம்மா, பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்கள். இருபது வருஷம் லாரி ஓட்டினவரைப் பார்த்து இந்தப் பேச்சு!

அவங்க என்னிடம் வந்தப்போ நான் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மூணு தடவையும் என்ன பேப்பர் கொடுத்தாங்க?" ஒன்றும் இல்லை. கேட்டில் நின்று வாயால் சொல்லி, மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார். மலையில் உயிர் போய் வந்தது உண்மை. ஆனா ஷோரூம் கணக்கில் அந்த வண்டிக்குப் புகாரே இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் இதே அக்கா குழுக் கூட்டத்தில் ஐம்பது ரூபாய் அபராதம் என்றாலும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்ட பிறகுதான் எழுந்திருப்பாங்க. எழுதாத தீர்மானம் செல்லாது என்று மற்ற குழுக்களுக்கு வகுப்பு எடுப்பவங்க. வண்டி விஷயத்தில் அந்தப் பழக்கம் எங்கே போச்சு?

சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டால் 'ஜாப் கார்டு' என்று ஒன்று போடுவார்கள். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், வாடிக்கையாளர் சொன்ன குறை, செய்த வேலை எல்லாம் அதில் இருக்கும். "குறை" என்ற இடத்தில் நாம் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லணும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்து போடாதீங்க. "ஓடும்போது இன்ஜின் நிற்கிறது, பிரேக் இறுகுகிறது" என்று எழுதச் சொல்லுங்க. ஆங்கிலத்தில் எழுதினால் படித்துக் காட்டச் சொல்லுங்க. நகல் இல்லாமல் வெளியே வராதீங்க. ஜாப் கார்டு போட மாட்டேன் என்றால், அதையே ஒரு கடிதமாக எழுதி ரிஜிஸ்டர் தபாலில் ஷோரூமுக்கும், அதைத் தயாரித்த கம்பெனிக்கும் அனுப்பணும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்தணும்.

இதோடு வண்டிக்கென்று ஒரு நோட்டு. தேதி, இடம், எத்தனை கிலோமீட்டரில் நடந்தது, எத்தனை பேர் இருந்தாங்க, எந்த விளக்கு எரிந்தது. போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, ஆனா ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். மீட்டர் பக்கம் எரியும் விளக்குகளைப் பெண்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்தணும். மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டணும். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைந்துவிடணும். அணையாமல் நின்றால் விபத்தில் பை விரியாமல் போகலாம்.

ஏன் இவ்வளவு எழுத்து வேலை? நம்ம ஒருத்தருக்கு வந்த குறை, அதே மாடல் வண்டி வைத்திருக்கும் ஆயிரம் பேருக்கும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆயிரம் பேரும் எழுதி வைப்பதுதான். கம்பெனிகளே குறையை ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைப்பது உண்டு. 'ரீகால்' என்பார்கள். ஏழு பேர் செல்லும் கியா கேரன்ஸ் வண்டி 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில், ஏர்பேக்கை இயக்கும் மென்பொருளில் தவறு இருக்கலாம் என்று 44,174 வண்டிகளைக் கம்பெனி சோதனைக்கு அழைத்தது. மாருதி கம்பெனி 2021 செப்டம்பரில் எர்டிகா உள்ளிட்ட ஐந்து மாடல்களில் 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் பாகத்துக்காக அழைத்தது. பாகத்தை மாற்றும் வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீங்க, மின்சார பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீங்க என்றும் சொன்னார்கள். நம்ம ஊரில் போர் மோட்டாரில் ஹோஸ் மாட்டி பானெட்டுக்குள்ளேயே அடிக்கிறோம்! எல்லா ரீகாலும் பயப்பட வேண்டியதில்லை. அதே கம்பெனி 2022-ல் 19,731 ஈகோ வேன்களை அழைத்தது, சக்கர ரிம்மில் அளவு தவறாகப் பொறித்திருந்ததற்காக.

ரீகால் வேலைக்குக் காசு வாங்கக் கூடாது. தகவல் முதலில் வண்டி வாங்கியவர் கொடுத்த முகவரிக்கும் போன் நம்பருக்கும்தான் போகும். செகண்ட் ஹேண்ட் வாங்கியவங்களுக்குத் தகவலே வராது. நீங்க போய் ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்கணும். சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ஒன்று மாறினாலும் வேறு வண்டி.

2012-ல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் இதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. ஆனா அது அவர்களாக விருப்பப்பட்டுச் செய்வது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110-ஏ பிரிவுதான் அரசே உத்தரவு போட வழி செய்தது. அதற்கான விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரு மாடலில் இத்தனை உரிமையாளர்கள் ஒரே குறையைப் புகார் செய்தால் விசாரிக்கணும் என்று, அந்த மாடல் வருஷத்துக்கு எவ்வளவு விற்கிறது என்பதை வைத்து எண்ணிக்கை நிர்ணயித்திருக்கிறார்கள். கம்பெனிக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம் போட முடியும். ஆக, கணியம்பாடியில் இருந்து போகும் ஒரு புகாரும் அந்த எண்ணிக்கையில் ஒன்று. கேட்டில் நின்று வாயால் சொன்ன புகார் அதில் வராது.

சரி, நம்ம ஒருத்தருக்கு மட்டும் நியாயம் வேணும் என்றால்? முதலில் 1915-க்கு போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கம்பெனியிடம் கேட்டுத் தருவார்கள். அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நம்ம மாவட்டத்துக்கு வேலூரில் இருக்கு. 2019-ஆம் ஆண்டு சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். குறை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடணும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். இது பல பேருக்குத் தெரிவதில்லை.

வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால் "இது வியாபாரம், நீங்க நுகர்வோரே இல்ல" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்படாதீங்க. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் விளக்கிவிட்டது. குடும்பத்தார் உதவி செய்தாலும் அப்படித்தான். ஐந்தாறு வண்டி வாங்கி சம்பளத்துக்கு ஆள் போட்டு ஓட்டினால் கதை வேறு.

என்ன கிடைக்கும் என்பதிலும் ஆசை அளவோடு இருக்கணும். கிளட்ச் குறை உள்ள ஒரு மாருதி காருக்குப் புதுக் கார் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2006-ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வாரண்டி என்றால் கெட்டுப்போன பாகத்தை மாற்றித் தருவது, முழு வண்டியை அல்ல என்றது. அலைந்த செலவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆனா உயிர் சம்பந்தப்பட்ட குறை என்றால் கண்டிப்பும் அதிகம். 2017-ல் நடந்த விபத்தில் ஹூண்டாய் கிரெட்டா காரின் ஏர்பேக் விரியவில்லை. நம்ம வேலூர் – சென்னை ரோட்டில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே கம்பெனிதான். எந்த வேகத்தில் மோதினால் பை விரியும் என்று கணக்கு போட வாங்குகிறவர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாற்று வண்டியும் 3 லட்சம் இழப்பீடும் கொடுக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது.

நம்ம பக்கம் இருக்கிற தப்பையும் சொல்லியாகணும். ஏழு பேர் வண்டியில் பதினாலு பேரை ஏற்றுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் எண்ணுவதே இல்லை. பிரேக் சூடாகி வேலை செய்யவில்லை என்று போனால், அதிக பாரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கு. கூடுதல் லைட், பாட்டுப் பெட்டி என்று வெளியே கொடுத்து ஒயரை வெட்டி மாட்டினால் மின்சாரக் குறைக்கு வாரண்டி போச்சு. இலவச சர்வீஸை ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும் அதையே காரணம் காட்டுவார்கள். இன்னொன்று, வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். வண்டி குறை என்று கோபத்தில் வங்கித் தவணையை நிறுத்தவும் கூடாது. வங்கிக்கும் ஷோரூம் தகராறுக்கும் சம்பந்தமில்லை, வண்டியைத் தூக்கிக்கிட்டு போயிடுவாங்க.

அந்த அக்கா விஷயம் என்ன ஆச்சு? நான்காவது தடவை நானும் கூடப் போனேன். ஜாப் கார்டில் குறையை எழுத வைத்தோம். கம்பெனிக்கும் ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்தே ஒரு ஆள் வந்து இரண்டு நாள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் அவர் கையிலேயே நின்றது! டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பில் குறை. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், பழைய பாகத்தின் நம்பரோடு பில்லும் வாங்கிக்கிட்டோம். அதற்குப் பிறகு நிற்கவில்லை. வண்டி ஷோரூமில் கிடந்த 18 நாள் வாடகை நஷ்டத்தைக் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகுது.

வேன், ஆட்டோ, டிராக்டர் எது புதுசாக எடுத்திருந்தாலும் ஆர்.சி. நகல், சர்வீஸ் பில், இருக்கிற ஜாப் கார்டு எல்லாவற்றையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. ஒரே குறை இரண்டு வண்டியில் இருந்தால் சேர்ந்தே எழுதிவிடலாம்.