வைரஸ் நோயும் செவிலியப் பணியும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் குரங்கணி. ஏலமும் காப்பியும் விளையும் மலைச்சரிவுகளுக்கு இங்கிருந்து பாதைகள் ஏறுகின்றன. இத்தகைய ஊர்களில் காவலுக்கு நாயையும் எலிகளை அடக்கப் பூனையையும் வளர்ப்பது இயல்பு. தடுப்பூசி பெறாத குட்டிகளைப் பெரிதும் பலிகொள்பவை வைரஸ் நோய்கள். நாய்களுக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியனவும், பூனைகளுக்குப் பன்லூக்கோபீனியாவும் கொடியவை.

பார்வோ நோய் 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. அதன் வைரஸ், பூனைகளின் பன்லூக்கோபீனியா வைரசுக்கு நெருங்கிய உறவுடையது. விரைந்து பிரியும் உயிரணுக்களையே அது நாடுகிறது. குடலின் உட்பரப்பு சிதைவதால் வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் உண்டாகின்றன. எலும்பு மச்சை தாக்கப்படுவதால் வெள்ளணுக்கள் குறைகின்றன. சிதைந்த குடல்வழியே பாக்டீரியாக்கள் குருதியில் நுழையும்போது அவற்றை எதிர்க்க உடலில் காவலர் இல்லை. வைரசை நேரடியாக அழிக்கும் மருந்து பரவலாகக் கிடைப்பதில்லை. உயிரெதிரி மருந்துகளும் பாக்டீரியாவையே தடுக்கும். உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்கும்வரை, அதாவது சில நாள்கள், உயிரைப் பிடித்து வைத்திருப்பதே சிகிச்சை. பராமரிப்பின்றி விடப்படும் குட்டிகளுள் பெரும்பாலானவை இறக்கின்றன. முறையாகப் பராமரிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது செவிலியப் பணியே. நம் ஊர்களில் அப்பணி, கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில், பராமரிப்பு உதவியாளரிடமும் வளர்ப்போரிடமும் வந்து சேர்கிறது.

முதல் தேவை நீர். இழந்த நீரும் உப்புகளும் சிரைவழியே மீண்டும் செலுத்தப்படுகின்றன. ஊசி பொருத்திய கால் வீங்குகிறதா, எத்தனை முறை வாந்தி வந்தது, சிறுநீர் கழிந்ததா என்பனவற்றை மணிதோறும் குறித்துவைக்க வேண்டும். குட்டியின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். குருதியில் சர்க்கரையும் குறையும். ஆகவே உலர்ந்த, வெதுவெதுப்பான படுக்கை வேண்டும். வாந்தி நிற்கும்வரை பட்டினி போடுவதே முன்பு வழக்கமாக இருந்தது. 2003இல் வெளியான ஆய்வொன்று, முதல் நாளிலிருந்தே குழாய்வழியே சிறிது சிறிதாக உணவூட்டப்பட்ட நாய்க்குட்டிகள் விரைவாகத் தேறியதைக் காட்டியது. வாசனை உணராத பூனை உண்ண மறுக்கும் என்பதால், சளி அடைத்த அதன் மூக்கை ஈரத் துணியால் துடைத்து, இளஞ்சூட்டில் உணவு வைக்க வேண்டும். டிஸ்டெம்பரால் வலிப்பு காணும் நாய்க்கு மங்கிய ஒளியும் அமைதியும் தேவை.

தூய்மையில்தான் பலர் தவறுகின்றனர். பினாயில் ஊற்றிக் கழுவினால் போதும் என்பது பரவலான எண்ணம். பார்வோ அதற்கு மசிவதில்லை. பினால் கலந்த நீர்மங்கள் பூனைக்கு நஞ்சுமாகும். கழிவை அகற்றியபின், ஒரு பங்கு சலவை வெளுப்பு நீர்மத்தை முப்பது பங்கு நீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும் இவ்வைரஸ் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிப் பயணம் செய்யும். எனவே நலமுள்ள விலங்குகளைக் கவனித்த பின்னரே நோயுற்றதை அணுக வேண்டும்.

வெறிநாய்க்கடி நோய் இவ்வரிசையில் சேராது. அதன் அறிகுறி தோன்றிய விலங்கைத் தொட்டுப் பேணுதல் கூடாது. விலகி நின்று கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனையில் தடுப்பூசி பெற வேண்டும்.

மலையூர்களில் இந்நோய்கள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் செந்நாய்களையும் டிஸ்டெம்பர் தாக்கவல்லது. 2018இல் குசராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் இறந்தன. அவற்றுட் சிலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. எஞ்சியவற்றைக் காக்க அயல்நாட்டிலிருந்து தடுப்பூசி வரவழைக்க நேர்ந்தது. நாய்க்குட்டிக்கோ ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்குகிறது. தாய்வழி எதிர்ப்பொருள் அதன் பயனைத் தடுக்கக்கூடும் என்பதால், பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் மீண்டும் போடப்படுகிறது.