நீச்சற்குளமும் மூன்று பருவங்களும்

மொகஞ்சதாரோவில் 1920ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. நீர் கசியாதிருக்கும் பொருட்டு அதனை அமைத்தோர் செங்கற் சுவருக்கிடையே நிலக்கீல் பூசியிருந்தனர். நீர் நிரப்ப அருகே ஒரு கிணறும், பழைய நீரை வெளியேற்ற ஒரு மூலையில் வடிகாலும் இருந்தன. குளம் கட்டுவது ஒரு வேலை, அதன் நீரைத் தூய்மையாகக் காப்பது வேறொரு வேலை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

இன்று நம் நாட்டில் பல வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் சிறு நீச்சற்குளங்கள் அமைந்துள்ளன. கட்டுவதில் காட்டப்படும் ஆர்வம் பராமரிப்பில் காட்டப்படுவதில்லை. ஆறும் ஓடையும் தம்மைத் தாமே ஓரளவு தூய்மை செய்துகொள்ளும். அடைபட்ட குளத்து நீருக்கு அவ்வாற்றல் இல்லை. அவ்வேலையை மனிதனே நாள்தோறும் செய்தல் வேண்டும்.

அடிப்படைக் கணக்கு

10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு 60 கன மீட்டர், அதாவது 60,000 லிட்டர். இந்நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்க்க 60 கிராம் குளோரின் தேவை. நல்ல பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 30 பங்கு பயன்படத்தக்க குளோரின் உள்ளதெனக் கொண்டால், 200 கிராம் தூள் போதுமானது. ஈரம் புகுந்த பழைய தூளில் இவ்வாற்றல் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே எடையை மட்டும் நம்பாமல் நீரைச் சோதித்தே அளவை முடிவு செய்தல் வேண்டும். நீரில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை எப்போதும் நிற்க வேண்டும்.

குளோரினின் வலிமை நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்தது. கிருமிகளை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலமே. பி.எச். 7.5 அளவில் ஏறத்தாழப் பாதிக் குளோரின் இவ்வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆக உயர்ந்தால் அது கால் பங்காகக் குறையும். எனவே பி.எச். எண்ணை 7.2க்கும் 7.8க்கும் இடையே நிறுத்துவது, மேலும் மேலும் மருந்து கொட்டுவதைவிடச் சிக்கனமானதும் பயனுள்ளதும் ஆகும்.

குளத்திலிருந்து எழும் காரமான நெடியைக் கண்டு குளோரின் மிகுந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் கூடிக் குளோரமீன்களாக மாறுவதாலேயே அந்நெடியும் கண்ணெரிச்சலும் உண்டாகின்றன. குளிப்போர் உடலை நன்கு கழுவிய பின்னரே குளத்தில் இறங்க வேண்டும் என்ற விதியின் காரணம் இதுவே.

கோடை

கோடையில் மிகுதியானோர் குளத்தை நாடுகின்றனர். அப்போதே கதிரவனும் குளோரினை மிகுதியாக அழிக்கிறான். கடும் வெயிலில் பாதுகாப்பற்ற குளோரினில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் சிதைந்துவிடும். பிளீச்சிங் பவுடரை நண்பகலில் இடுவது வீண். மாலையில், ஒரு வாளி நீரில் தூளைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் குளத்தில் ஊற்ற வேண்டும். எப்போதும் மருந்தையே நீரில் இடவேண்டும். மருந்தின்மேல் நீரை ஊற்றலாகாது. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. அதனின்று வெளிப்படும் குளோரின் வாயு உயிரைப் போக்கவல்லது.

நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் ஆவியானால், மேற்சொன்ன குளத்தில் 500 லிட்டர் குறையும். குறைந்தது ஆவியாதலாலா, கசிவாலா என்பதை எளிதில் அறியலாம். ஒரு வாளியில் நீர் நிரப்பி, குளத்துப் படியில் பாதி அமிழுமாறு வைத்து, உள்ளும் புறமும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. ஒரு நாள் கழித்துக் குளத்து நீர் வாளி நீரைவிட மிகுதியாகத் தாழ்ந்திருந்தால் கசிவு உண்டென்பது தெளிவு.

வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் நெகிளேரியா என்னும் அமீபாவைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பலர் அமீபா மூளைக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நெகிளேரியா கலந்த நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. மூக்கின் வழியே நீர் புகும்போது அமீபா மூளையை அடைகிறது. நோயுற்றோரில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆயின் போதிய குளோரின் நிற்கும் நீரில் இவ்வமீபா வாழ இயலாது. ஒரு சிறு சோதனைக் குப்பியில் தோன்றும் நிறம், சில வேளைகளில் ஒரு குழந்தையின் உயிரையே குறிக்கிறது.

மழைக்காலம்

மழைநீர் குளோரினையும் காரத்தன்மையையும் நீர்க்கச் செய்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து வழிந்து வரும் நீர் மண்ணையும் உரத்தையும் இலைச் சருகையும் கொணர்கிறது. இவை குளோரினை விழுங்கிப் பாசிக்கு உணவாகின்றன. குளத்தைச் சுற்றியுள்ள தரை வெளிப்புறமாகச் சரிந்திருத்தல் நலம். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நீரைச் சோதித்தல் கடமை. குளத்தின் ஆழமான பகுதியில் அடித்தளம் தெளிவாகத் தெரியாவிடில் எவரையும் இறங்க விடலாகாது. கலங்கிய நீரில் மூழ்கியவர் கண்ணுக்குப் புலப்படார். இடி கேட்டவுடன் அனைவரும் கரையேற வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்கலாம்.

கலங்கிய குளத்தை மழைக்காலத்தில் முற்றிலும் வெற்றாக்கிக் கழுவ முனைவது பெருந்தவறு. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது வெற்றுக்குளம் ஒரு படகைப் போன்றது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, நிலத்தடி நீர் விளிம்புவரை உயர்ந்தால், நமது குளத்தின் மீது 60 டன்னுக்கும் மேற்பட்ட மேல்நோக்கு விசை செயற்படும். தளம் வெடிக்கலாம், குளமே மேலெழும்பவும் கூடும்.

குளிர்காலம்

வட இந்தியச் சமவெளிகளில் குளிர்காலத்தில் பல குளங்கள் மூடிக் கிடக்கின்றன. குளிர்ந்த நீரில் பாசி மெதுவாகவே வளரும். குளோரினும் நெடுநேரம் நிற்கும். ஆகவே மருந்தும் பம்பின் ஓட்டமும் குறைவாகவே தேவைப்படும். எனினும் இரண்டையும் அறவே நிறுத்திவிடலாகாது. பனி உறையும் மலைப் பகுதிகளில் குழாய்களிலுள்ள நீரை வெளியேற்றிவிட வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகிக் குழாயை உடைத்துவிடும்.

கைவிடப்பட்ட குளம் ஊருக்கே பகையாகும். நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு தெளிந்த தேங்கு நீரிலேயே முட்டையிடுகிறது. கதகதப்பான நாட்களில் அம்முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகிவிடும். ஆதலால் பயன்படாத குளத்தை வாரம் ஒருமுறை பார்வையிடுதல் களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். குளோரின் இடப்படாத குளத்தில் 1928ஆம் ஆண்டு நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன்களை விடலாம். அவை புழுக்களை உண்ணும். ஆனால் அவை ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் தப்பிச் செல்லாதவாறு காத்தல் வேண்டும். அங்குள்ள நம் மீன்களுக்கு அவை கேடு விளைவிப்பவை.

எப்பருவத்திற்கும் உரியன

குளத்தின் நாற்புறமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் இருத்தல் இன்றியமையாதது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவுவதில்லை, ஓசையின்றியே மூழ்கிவிடுகிறது. தளர்ந்த மூடுதுணி வேலிக்கு ஈடாகாது. அதன்மேல் தேங்கும் மழைநீரே மற்றொரு ஆபத்து. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளை நலமடைந்த பின்னும் இரண்டு வாரம் குளத்தில் இறக்கலாகாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் வழக்கமான குளோரின் அளவுக்கு அடங்குவதில்லை.

ஆசிரியர்கள் இக்குளத்தையே ஓர் ஆய்வுக்கூடமாக்கலாம். ஒரே அளவு குளோரின் கலந்த நீரை இரு வாளிகளில் எடுத்து, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை மாணவர்களைச் சோதிக்கச் செய்க. கதிரவனின் செயல் ஏட்டிலிருந்து கண்ணெதிரே வந்து நிற்கும். தேதி, பி.எச்., குளோரின், நீர்மட்டம், மழை ஆகிய ஐந்தையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை மாணவர்களுக்கு முறைவைத்து அளித்தால், குளமும் காக்கப்படும். உற்றுநோக்கும் பழக்கமும் வளரும். மருந்தைக் கையாளும் வேலையை மட்டும் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

நாள்தோறும் கால்மணி நேரக் கவனத்தை ஒதுக்க இயலாதவர், குளம் அமைப்பதைவிட அமைக்காதிருப்பதே நன்று. ஒதுக்க இயன்றவருக்கோ, அக்குளம் மூன்று பருவங்களிலும் தூய நீரையும் நல்ல உடற்பயிற்சியையும் அளித்து நிற்கும்.